ஈர்ப்பலை வானியலில் இயந்திரக் கற்றல்: இரைச்சலைப் படிக்கும் வேலை

ஈர்ப்பலை என்பது வெளியையே துளி நீட்டிச் சுருக்கியபடி பரவும் அலை. அதன் ஆய்வில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், விண்வெளியிலிருந்து வரும் புரியாத சிக்னலைக் கணினி எப்படியோ புரிந்துகொண்டு சொல்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிலைமை கிட்டத்தட்ட தலைகீழ். இரண்டு கருந்துளைகள் மோதினால் எழும் அலை எப்படி இருக்கும் என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கொண்டு முன்கூட்டியே கணக்குப் போட்டு வரைந்துவிடலாம். புதிராக இருப்பது பூமியில் இருக்கும் நம் கருவி எழுப்பும் இரைச்சல். அதற்குச் சமன்பாடு எதுவும் கிடையாது. இயந்திரக் கற்றல் இந்தத் துறைக்குள் வந்ததும், அங்கே அது படும் பாடும் இந்த இரைச்சலால்தான்.

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபர்டிலும், லூசியானாவில் லிவிங்ஸ்டனிலும் ஈர்ப்பலையைக் கண்டறியும் இரண்டு லைகோ மையங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே சுமார் 3000 கிலோமீட்டர். ஒவ்வொன்றிலும் செங்கோணத்தில் பிரிந்து போகும் இரண்டு கரங்கள், கரம் ஒன்றுக்கு 4 கிலோமீட்டர் நீளம், உள்ளே வெற்றிடம். ஒரே லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் அனுப்புகிறார்கள். முனையில் தொங்கும் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் ஒளியை மறுபடி ஒன்றுசேர்க்கிறார்கள். ஈர்ப்பலை கடந்து போகும்போது ஒரு கரம் துளி நீண்டு மற்றது துளி குறுகும். சேர்ந்து வரும் ஒளியில் அந்த வித்தியாசம் தெரியும். இத்தாலியில் விர்கோ, ஜப்பானில் காக்ரா ஆகியவையும் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

"துளி" என்றால் எவ்வளவு? முதன்முதலாக 2015 செப்டம்பர் 14 அன்று பிடிபட்ட அலை, உச்சத்தில் அந்த 4 கிலோமீட்டர் கரத்தை மாற்றிய அளவு ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்குதான். சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள், சுமார் 130 கோடி ஒளியாண்டு தொலைவில், ஒன்றையொன்று சுற்றி நெருங்கி இணைந்தன. இணைந்த கருந்துளையின் நிறை 62. மீதி மூன்று சூரிய நிறை முழுவதும் ஈர்ப்பலை ஆற்றலாகப் போய்விட்டது. அத்தனை பெரிய நிகழ்வு இங்கே வந்து சேர்ந்தபோது 0.2 நொடி நீளமுள்ள ஒரு சிறு அசைவு, அவ்வளவுதான். அந்த 0.2 நொடிக்குள் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. நெருங்க நெருங்கச் சுற்றும் வேகம் கூடுகிறது, அலையின் அதிர்வெண்ணும் கூடவே ஏறுகிறது. ஒலியாக மாற்றிக் கேட்டால் கீழிருந்து மேலே வழுக்கிப் போகும் ஒரு கீச்சொலி. ஆய்வாளர்கள் இதை "சிர்ப்" என்கிறார்கள்.

இவ்வளவு சின்ன அசைவை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க, இயந்திரக் கற்றலுக்கு முன்பே ஒரு நல்ல முறை இருந்தது, இன்றும் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தின் கூச்சலிலும் தன் பிள்ளை கூப்பிடுவது ஒரு தாய்க்குக் கேட்டுவிடும், குரல் ஏற்கனவே பழக்கம் என்பதால். அதே வழிதான். எந்த நிறையுள்ள கருந்துளைகள் மோதினால் எந்த வடிவ அலை வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு பெரிய தொகுப்பு தயார் செய்துகொள்கிறார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் டெம்ப்ளேட் என்று பெயர். வரும் தரவின் மேல் ஒவ்வொரு டெம்ப்ளேட்டையும் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்து, எங்கே அதிகம் பொருந்துகிறது என்று தேடுகிறார்கள். இந்தத் தேடலுக்கு டெம்ப்ளேட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு நெருக்கமாக அடுக்குவது என்பதற்கு அடித்தளம் போட்டவர்களில் இந்திய இயற்பியலாளர்களான பி. எஸ். சத்யபிரகாஷும் சஞ்சீவ் துரந்தரும் முக்கியமானவர்கள். அவர்களுடைய கட்டுரை 1991-ல் வந்தது. லைகோ முதல் அலையைப் பிடிக்க இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது! 2015-ல் நடந்த தேடலில் சுமார் இரண்டரை லட்சம் டெம்ப்ளேட்கள் இருந்தன.

இந்த முறைக்குக் கணித ரீதியாக ஒரு பெருமை உண்டு. இரைச்சல் சீராக, ஒழுங்கான புள்ளியியல் விதிப்படி இருந்தால், இதைவிடச் சிறந்த தேடல் முறை இருக்கவே முடியாது என்று நிரூபிக்கலாம். சரி, அப்படியானால் நியூரல் நெட்வொர்க், அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் நிரல், எதற்கு? "இரைச்சல் சீராக இருந்தால்" என்ற நிபந்தனையில்தான் சிக்கல். அது சீராக இருப்பதில்லை.

கருவியின் தரவில் திடீர் திடீரென்று வெடிப்புபோல் சில குறுகிய அதிர்வுகள் வந்து போகும். இவற்றுக்கு கிளிட்ச் என்று பெயர். 2019-20 நோக்குக் காலத்தில், அதாவது கருவி தொடர்ந்து தரவு சேகரித்த காலத்தில், லிவிங்ஸ்டனில் இவை நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில்கூட வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம். கடலில் அலை பெருத்தால் தரை மெல்ல அசைகிறது. அந்த அசைவில், வழிதவறிச் சிதறிய லேசர் ஒளி எங்கோ பட்டுத் திரும்பி வந்து கலக்கிறது. ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது நேரத்தைக் கிடையாகவும் அதிர்வெண்ணைச் செங்குத்தாகவும் வைத்து வரையும் வண்ணப்படத்தில், இது வரிசையான வளைவுகளாகத் தெரியும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த இடத்தில் தனியாக ஒரு வகை கிளிட்ச் வரும். 2017 கோடையில் ஹான்ஃபர்டில் விளங்காத சில கிளிட்ச்கள் தொடர்ந்து வந்தன. காரணம் தேடிப் போனவர்கள் கண்டது, கரத்தின் முனைக்கட்டடத்துக்கு வெளியே குளிர்ந்த நைட்ரஜன் குழாயில் படிந்திருந்த பனிக்கட்டியில் அண்டங்காக்கைகள் கொத்திய தடங்களை. பாலைவன வெயிலில் அவற்றுக்குத் தாகம். 130 கோடி ஒளியாண்டு தாண்டி வந்த அலையைக் கேட்கும் கருவிக்கு, வாசலில் காக்கை கொத்துவதும் கேட்கும்.

இதில் மிகவும் தொல்லையானது "பிளிப்" என்ற வகை. சில மில்லி நொடிகள்தான் நீடிக்கும். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பிடிபடவில்லை. கனமான கருந்துளைகள் மோதும்போது வரும் சிக்னலும் இப்படித்தான் குறுகியதாக இருக்கும், ஏனென்றால் நிறை கூடக்கூட கருவிக்குக் கேட்கும் அதிர்வெண் எல்லைக்குள் சிக்னல் இருக்கும் நேரம் குறைகிறது. ஆகவே பிளிப் ஒன்று கனமான கருந்துளை டெம்ப்ளேட்டுடன் நன்றாகவே பொருந்திவிடும். படத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உண்மையான சிக்னல் இடமிருந்து வலமாக வளைந்து மேலேறும், பிளிப் கண்ணீர்த்துளி வடிவில் செங்குத்தாக நிற்கும். கண்ணுக்குத் தெரியும் இந்த வித்தியாசத்தை வாய்பாடாக எழுதிக் கணினிக்குக் கொடுப்பதுதான் கஷ்டம். இயந்திரக் கற்றல் பொருத்தமாக வந்து உட்காரும் இடம் இது. விதியை எழுதித் தர வேண்டாம், எடுத்துக்காட்டுகளைக் கொடுத்தால் போதும்.

எடுத்துக்காட்டுகளுக்கு யாராவது பெயர் சூட்டித் தர வேண்டுமே? 2016-ல், பொதுமக்கள் அறிவியல் ஆய்வில் பங்கேற்கும் சூனிவர்ஸ் இணையதளத்தில் "கிராவிட்டி ஸ்பை" என்ற திட்டம் தொடங்கியது. இணைய வசதி உள்ள யாரும் போய் கிளிட்ச் படங்களைப் பார்த்து வகைப்படுத்தலாம். தொடக்கத்தில் ஏற்கனவே தெரிந்த வகைகள் தரப்பட்டன. மீன் துடுப்பு விரித்ததுபோல் தெரியும் ஒன்றுக்கு "கோய் மீன்", சீழ்க்கைபோல் போகும் ஒன்றுக்கு "விசில்", இப்படி. தன்னார்வலர்கள் சொல்லும் பதில்களைக் கொண்டு ஒரு நியூரல் நெட்வொர்க் பயிற்சி பெறுகிறது. பயிற்சி பெற்ற நெட்வொர்க் புதிய படங்களை முன்கூட்டியே வகைப்படுத்தி, எந்தப் படத்தை யாரிடம் காட்டலாம் என்பதற்கும் உதவுகிறது. தன்னார்வலர்கள் அதோடு நிற்கவில்லை. பட்டியலில் இல்லாத வடிவங்களைக் கவனித்துப் புதிய வகைகளையே சேர்த்தார்கள். "ஜோடிப் புறா" என்ற வகை அப்படி வந்ததுதான். ஒரு நெட்வொர்க் தனக்குச் சொல்லித்தந்த வகைகளுக்குள்தான் எதையும் போடும், "இது புதுசாக இருக்கே" என்று தானாக நிறுத்திக் கேட்காது. அதற்கு மனிதக் கண் வேண்டியிருந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இதுதான்.

வகைப்படுத்தியதால் என்ன லாபம்? ஒவ்வொரு மையத்திலும் முக்கியத் தரவுடன் சேர்ந்து லட்சக்கணக்கான துணைச் சேனல்கள் பதிவாகின்றன. நில அதிர்வு, காந்தப் புலம், ஒலி, வெப்பம், கண்ணாடியின் சாய்வு என்று எல்லாவற்றுக்கும் உணரிகள் உண்டு. குறிப்பிட்ட வகை கிளிட்ச் வரும்போதெல்லாம் குறிப்பிட்ட சேனலிலும் அசைவு வருகிறது என்று தெரிந்தால், காரணம் எங்கே என்று பொறியாளர்கள் போய்ப் பார்க்கலாம். துணைச் சேனல்களை மட்டும் பார்த்தே "இந்த நொடியில் கிளிட்ச் இருக்க வாய்ப்பு அதிகம்" என்று சொல்லும் நிரல்களும் பயன்பாட்டில் இருக்கின்றன. இன்னும் சில, துணைச் சேனலில் தெரியும் இரைச்சலைக் கொண்டு முக்கியத் தரவில் அதன் பங்கைக் கணித்துக் கழித்துவிடுகின்றன.

இப்போது நேரடித் தேடலுக்கு வருவோம். நெட்வொர்க்கிடம் ஒரு நொடி நீளமுள்ள தரவைக் கொடுத்து "இதில் சிக்னல் இருக்கிறதா?" என்று கேட்பது. இதற்குப் பயிற்சி தருவதில் ஒரு அழகு இருக்கிறது. 2020 வரை நடந்த நோக்குக் காலங்கள் மூன்றிலும் சேர்த்துக் கிடைத்தது 90 நிகழ்வுகள்தான். பயிற்சிக்கு அது காணாது. ஆனால் சிக்னலின் வடிவம் சமன்பாட்டிலிருந்து தெரியும் என்பதால், எத்தனை லட்சம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இரைச்சல் கருவியிலேயே தினமும் கொட்டிக் கிடக்கிறது. ஆக, நிஜமான இரைச்சலை எடுத்து, அதில் பாதித் துண்டுகளில் மட்டும் கணக்கிட்டு உருவாக்கிய சிக்னலைக் கலந்து, இரண்டையும் பிரித்தறியக் கற்றுத்தருகிறார்கள். கொடுப்பதற்கு முன் தரவைக் கொஞ்சம் பக்குவப்படுத்த வேண்டும். தாழ்ந்த அதிர்வெண்களில் தரையின் ஆட்டம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும் என்பதால், எல்லா அதிர்வெண்களிலும் இரைச்சல் ஒரே மட்டத்தில் இருக்கும்படி சமன் செய்துகொள்கிறார்கள்.

2018-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைச் செய்து காட்டின. ஒன்று அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், மற்றது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில். செயற்கையாக உருவாக்கிய சீரான இரைச்சலில், கருந்துளை இணைகளைப் பொறுத்தவரை, நெட்வொர்க் டெம்ப்ளேட் முறைக்கு இணையாக நின்றது என்று கிளாஸ்கோ குழு காட்டியது. இங்கேதான் ஆரம்பநிலை வாசகர் நிதானிக்க வேண்டும்.

ஒரு நெட்வொர்க் 99.9 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு துறையாக இருந்தால் கை தட்டலாம். இங்கே? ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். ஒவ்வொரு நொடிக்கும் ஒரு தீர்ப்பு. ஆயிரத்தில் ஒன்று தவறினால் நாளுக்கு 86 பொய்ச் செய்திகள். 99.99 சதவீதமாக்கினாலும் நாளுக்கு எட்டு ஒன்பது வரும். உண்மையான நிகழ்வோ, கருவிகள் மிக நன்றாக மேம்பட்ட பிறகும், இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று. அப்படிப்பட்ட நெட்வொர்க் "கண்டுபிடித்தேன்" என்று சொல்வதில் பெரும்பகுதி வெறும் இரைச்சலாகவே இருக்கும். மாதத்துக்கு ஒரு பொய்தான் அனுமதி என்றால், சுமார் 26 லட்சம் நொடிகளில் ஒரே ஒரு முறைதான் தவறலாம். ஆகவே இந்தத் துறையில் யாராவது துல்லியத்தைச் சதவீதத்தில் சொன்னால், அடுத்து கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை காலத்துக்கு ஒரு பொய்?

அதை எப்படி அளப்பது? எந்த நொடியில் சிக்னல் இல்லை என்று உறுதியாக யாருக்கும் தெரியாதே. இதற்கு ஒரு எளிய யுக்தி உண்டு. ஹான்ஃபர்டிலிருந்து லிவிங்ஸ்டனுக்கு ஒளி போக 10 மில்லி நொடி ஆகும். ஈர்ப்பலையும் ஒளியின் வேகத்தில்தான் போகிறது. ஆகவே உண்மையான சிக்னல் இரு இடத்திலும் அந்த 10 மில்லி நொடிக்குள் வந்தாக வேண்டும். முதல் அலை லிவிங்ஸ்டனில் சுமார் 7 மில்லி நொடி முன்னதாகவே தெரிந்தது. இப்போது ஒரு மையத்தின் தரவை வேண்டுமென்றே அதைவிட அதிக நேரம் நகர்த்தி வைத்துத் தேடினால், அப்போது இரண்டிலும் ஒன்றாகத் தெரிவது எதுவும் தற்செயல்தான். நகர்த்தும் அளவை மாற்றி மாற்றி ஒரு கோடி முறை செய்யலாம். முதல் கண்டுபிடிப்பின்போது 16 நாள் தரவிலிருந்து 6 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலான பின்னணியை இப்படி உருவாக்கினார்கள். அந்தச் சிக்னல்போல் ஒன்று தற்செயலாக வர 2 லட்சம் ஆண்டுக்கு ஒரு தடவைகூட வாய்ப்பில்லை என்ற முடிவு அதிலிருந்து வந்ததுதான். நெட்வொர்க்கானாலும் டெம்ப்ளேட்டானாலும் இதே தேர்வைத்தான் எழுத வேண்டும். நெட்வொர்க் 0.999 என்று ஒரு எண்ணைக் காட்டினால், அதை அப்படியே நிகழ்தகவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நகர்த்திய தரவில் அந்த எண் எத்தனை முறை வருகிறது என்று பார்த்த பிறகுதான் அதற்கு அர்த்தம்.

2022-ல் பல குழுக்கள் ஒரே தரவில் தங்கள் நிரல்களை ஓட்டி ஒப்பிட்டன. மாதத்துக்கு ஒரு பொய் என்ற அளவில், சீரான செயற்கை இரைச்சலில் சிறந்த நெட்வொர்க், டெம்ப்ளேட் முறை எவ்வளவு தொலைவு வரையிலான மோதல்களைக் கண்டுபிடிக்குமோ அந்தத் தூரத்தில் 95 சதவீதம் வரை எட்டியது. நிஜக் கருவியின் இரைச்சலைக் கொடுத்தபோது அது 70 சதவீதம். அந்த 25 சதவீத இறக்கம் முழுவதும் இரைச்சலின் வேலை. அதன் பிறகு நெட்வொர்க்குகள் முன்னேறியிருக்கின்றன. நேரடித் தரவில் ஓடும் "ஏஃப்ரேம்" போன்ற நிரல்கள் இன்று பழைய முறைகளோடு சேர்ந்தே வேலை செய்கின்றன. பழையதைத் தூக்கிப் போடவில்லை என்பது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இரண்டு வேறுபட்ட முறைகள் ஒரே நொடியைக் காட்டினால் நம்பிக்கை கூடுகிறது.

நெட்வொர்க் தெளிவாக ஜெயிக்கும் இடம் வேகம். 2017 ஆகஸ்ட் 17 அன்று நடந்ததைப் பார்த்தால் அதன் அருமை புரியும். சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள், அதாவது பெரிய விண்மீன்கள் அழிந்தபின் மிஞ்சும் மிக அடர்த்தியான எச்சங்கள், இணைந்தன. கருந்துளை மோதல்போல் இது இருட்டில் முடிவதில்லை, ஒளியும் வரும். அலை முடிந்து 1.7 நொடியில் ஃபெர்மி செயற்கைக்கோள் காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. ஆனால் லிவிங்ஸ்டன் தரவில், இணைவதற்கு ஏறத்தாழ ஒரு நொடிக்கு முன், ஒரு பெரிய கிளிட்ச் விழுந்திருந்தது. தானியங்கி நிரல் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டது. ஆய்வாளர்கள் படத்தைப் பார்த்து, கிளிட்சுக்கு அடியில் நீண்ட சிர்ப் ஓடுவதைக் கண்டு, கையால் சுத்தம் செய்து, இரண்டு லைகோ, விர்கோ என மூன்று கருவிகளையும் சேர்த்து வானில் இடத்தைக் குறித்துச் சொல்வதற்குள் சில மணி நேரம் போய்விட்டது. அலை வந்து சுமார் 11 மணி நேரம் கழித்து சிலியில் உள்ள ஒரு தொலைநோக்கி, என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் அந்த ஒளியைப் பிடித்தது. அந்த முதல் மணிநேரங்களின் ஒளி யாருக்கும் கிடைக்கவில்லை.

நிகழ்வு எங்கே நடந்தது, நிறை எவ்வளவு, எப்படிச் சுழன்றது என்று பதினைந்துக்கும் மேற்பட்ட எண்களைக் கணிக்க வேண்டும். பழைய முறையில், லட்சக்கணக்கான யூகங்களை ஒவ்வொன்றாகத் தரவோடு ஒப்பிட்டுச் சலித்தெடுப்பார்கள். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களில் உருவான "டிங்கோ" வேறு வழியில் போகிறது. நெட்வொர்க் முன்கூட்டியே ஏராளமான செயற்கை நிகழ்வுகளைப் பார்த்து, தரவிலிருந்து நேராக அந்த எண்களின் பரவலைச் சொல்லக் கற்றுக்கொள்கிறது. கஷ்டமெல்லாம் பயிற்சியிலேயே முடிந்துவிடும். 2025-ல் வெளியான அதன் நியூட்ரான் விண்மீன் பதிப்பு இந்த முழுக் கணக்கையும் ஒரே நொடியில் முடிக்கிறது. என் பார்வையில் வேகத்தைவிட முக்கியமானது, டிங்கோவின் விடையைச் சரிபார்க்க முடியும் என்பது. நெட்வொர்க் தந்த ஒவ்வொரு மதிப்பையும் இயற்பியல் சமன்பாட்டில் போட்டு, பொருந்தாதவற்றின் எடையைக் குறைத்துத் திருத்துகிறார்கள். மிகவும் முரண்பட்டால் நெட்வொர்க் குழம்பியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம், கருவியை இயக்குவதிலும் இயந்திரக் கற்றல் நுழைந்துவிட்டது. கண்ணாடிகளை ஆடாமல் நிறுத்தி வைக்கும் கட்டுப்பாட்டு அமைப்பே தாழ்ந்த அதிர்வெண்களில் இரைச்சலைக் கிளப்பும். கூகுள் டீப்மைண்டும் லைகோ குழுவினரும் சேர்ந்து, பரிசும் தண்டனையும் தந்து பழக்கும் வகையில் பயிற்சி பெற்ற ஒரு கட்டுப்பாட்டு நிரலை லிவிங்ஸ்டனில் சோதித்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டு இரைச்சல் 30 மடங்குக்கும் மேலாகக் குறைந்தது என்று 2025 செப்டம்பரில் வெளியிட்டார்கள்.

மகாராஷ்டிராவில் ஹிங்கோலி மாவட்டத்தின் ஔந்தாவில் லைகோ-இந்தியா வரவிருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அது இயங்கத் தொடங்கும்போது அதன் தரை, அதன் மழைக்காலம், அருகில் ஓடும் வண்டிகள், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்று எல்லாமே புது இரைச்சல். ஹான்ஃபர்டில் பழகிய நெட்வொர்க்கை அங்கே அப்படியே ஓட்ட முடியாது. புதிதாகக் கேட்டு, பெயரிட்டு, பழக்க வேண்டும்.

அதற்கு இப்போதே பழகிக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்குக் கருவியோ அனுமதியோ தேவையில்லை. லைகோவின் தரவு இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. பைத்தானில் ஜிடபிள்யூபை என்ற நூலகத்தை நிறுவி, முதல் நிகழ்வைச் சுற்றிய 32 நொடித் தரவை இறக்கி, இரைச்சலைச் சமன் செய்து, ஸ்பெக்ட்ரோகிராம் வரைந்தால் அந்தச் சிர்ப் திரையில் வரும். சில வரி நிரல் போதும். அது வந்த பிறகு வேறு ஏதாவது ஒரு நாளின் ஒரு மணி நேரத் தரவை எடுத்து, அதில் எத்தனை கிளிட்ச் இருக்கிறது என்று கண்ணால் எண்ணிப் பாருங்கள். நெட்வொர்க் எழுதுவதை அதற்குப் பிறகு தொடங்கலாம்.